ஆபரேஷன் முடிந்த பிறகு: கல்பனாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கல்பனா,

உன் கடிதம் கிடைத்தது. சர்க்கரை குறையவில்லை என்று, நம்மைப் போன்ற திருநங்கைகள் பெண் உடலுக்காகச் செய்துகொள்ளும் அந்த ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். இத்தனை வருஷம் காத்திருந்தவளிடம் இன்னும் நாலு மாதம் பொறு என்றால் கசக்கத்தான் செய்யும். ஆனாலும் அந்த டாக்டர் சொன்னது சரி. சர்க்கரை ஏறின உடம்பில் புண் சீக்கிரம் ஆறாது, சீழ் பிடிக்கும். இந்த ஆபரேஷனில் எல்லாமே புண் ஆறுவதில்தான் இருக்கிறது. ராத்திரி கடையை மூடிவிட்டு மிச்ச பரோட்டாவைச் சாப்பிடுகிற பழக்கத்தை முதலில் விடு. மூன்று மாதச் சராசரி இறங்கட்டும், அப்புறம் தேதி தானாக வரும்.

"எப்படி இருக்கிறாய், மறைக்காமல் சொல்" என்று கேட்டிருக்கிறாய். நன்றாக இருக்கிறேன். இந்த ஆடியில் தையல் மிஷினில் நாள் பூராவும் உட்கார முடிகிறது. குளிக்கும்போது என் உடம்பை நான் பார்க்கிறேன். முன்பெல்லாம் பாவாடையை நெஞ்சு வரைக்கும் கட்டிக்கொண்டு, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் குளிப்பேன், உனக்குத் தெரியும். அந்தப் பாரம் இப்போது இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

ஆனால் நீயும் நானும் இத்தனை வருஷமாக ஆபரேஷனைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறோம். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், எத்தனை மணி நேரம். அது ஒரு நாள் வேலை, மயக்கத்திலேயே முடிந்துவிடும். அதற்குப் பின்னால் வருகிற மாதங்களைப் பற்றி நமக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் முதல் ஐந்தாறு நாள் மல்லாந்தே படுக்கை. உள்ளே காஸ் துணி அடைத்திருப்பார்கள், மூத்திரத்துக்கு டியூப் போட்டிருப்பார்கள். வெட்டின இடத்தை விட எனக்கு முதுகுதான் அதிகம் வலித்தது. துணியை எடுக்கிற அன்று நர்ஸ் ஒரு முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு நீளம் எனக்குள்ளே எப்படி இருந்தது என்று நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டியூபை எடுத்ததும் முதல் தடவை மூத்திரம் போனபோது அது ஒரு பக்கமாகச் சிதறித் தொடையெல்லாம் நனைந்தது. பயந்துவிட்டேன். வீக்கத்தினால் அப்படி ஆகும், வீக்கம் வடிந்தால் சரியாகிவிடும் என்றார்கள். எனக்குச் சரியாகிவிட்டது. சிலருக்கு அந்தத் துவாரம் சுருங்கிப்போய் ஓட்டம் மெலியுமாம். முக்கி முக்கிப் போகவேண்டிய நிலை வந்தால் ஒரு நாள் கூடத் தள்ளிப்போடாமல் போய்க் காட்டு.

அங்கே பட்ட மனக்கஷ்டமும் உண்டு. அடையாள அட்டை கையில் இருக்க, பழைய பெயரை வராந்தாவில் சத்தம் போட்டுக் கூப்பிட்டார்கள். எழுந்து நடக்கக்கூட முடியாத நேரத்தில் எதிர்த்துப் பேச எங்கே தெம்பு? உன்னோடு வருகிற ஆள் வாய் உள்ளவளாக இருக்கவேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். டைலேட்டர், அதாவது உள்ளே வைத்து வழியை விரித்து வைக்கும் குச்சி, கொடுத்து அனுப்புவார்கள், அளவு வாரியாக. புதிதாக அமைத்த பெண்ணுறுப்பின் வழியை உடம்பு காயம் என்று எடுத்துக்கொண்டு மூடப் பார்க்கும். மூடவிடாமல் நாம்தான் காக்க வேண்டும். முதல் மூன்று மாதம் தினமும் மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் இருபது நிமிஷத்துக்குக் குறையாமல் வைக்கச் சொன்னார்கள். சோப்புப் போட்டுக் கழுவி, ஜெல்லி தடவி, முழங்காலை மடக்கிப் படுத்து, மூச்சை விட்டுக்கொண்டே மெதுவாக. இறுக்கிக்கொண்டால் போகாது. முடிந்ததும் கழுவுவது, பேட் மாற்றுவது என்று ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஓடிவிடும். போகப்போகக் குறையும். எனக்கு இப்போது ஒரு வேளைதான். வருஷம் திரும்பினால் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை போதும் என்கிறார்கள், ஆனால் அறவே நிறுத்தக்கூடாது. அலுப்பாக இருக்கிறது என்று விட்டுவிட்டால் வழி குறுகிவிடும், பிறகு திரும்பப் பிடிப்பது கஷ்டம். எந்தக் கோணத்தில் வைப்பது என்பதை ஆஸ்பத்திரியிலேயே, நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போதே செய்து பழகிக்கொண்டு வா.

இதில் என் குருவுக்கும் குருவான நானியோடு ஒரு பிரச்சினை வந்தது. நம் திருநங்கைகள் ஜமாத்து வழக்கம் உனக்குத் தெரியுமே. நிர்வாணமானவள், அதாவது ஆபரேஷன் முடித்தவள், நாற்பது நாள் கண்ணாடி பார்க்கக்கூடாது, தலை சீவக்கூடாது, ஆண் முகத்தில் விழிக்கக்கூடாது, பால், பழம் கூடாது. ஆஸ்பத்திரியிலோ, கைக்கண்ணாடியைப் பிடித்துக் காயத்தைத் தினமும் பார், எங்கே வைக்கிறோம் என்று பார்த்து வை என்கிறார்கள். பழம் சாப்பிடு, மலச்சிக்கல் வந்து முக்கினால் தையல் பிரியும் என்கிறார்கள். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். நானி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எழுந்து போய்த் தன் பெட்டியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து வந்து, "மூஞ்சியைப் பார்க்கத்தான் கூடாது. இதைக் கீழே பிடிச்சுக்கோ" என்று கையில் கொடுத்தார். வாழைப்பழமும் அன்று சாயங்காலமே வந்தது.

நானிக்கு டாக்டர் இல்லை, நம்மவர்களில் அறுத்துவிடுகிற தாயம்மா கைதான். மயக்க மருந்து கிடையாது. அறுத்து எடுத்ததோடு சரி, உள்ளே எதுவும் அமைக்கவில்லை. அப்படி ஆனவர்கள் இன்றைக்கு வழி அமைத்துக்கொள்ள நினைத்தால் அதற்கான தோலே மிச்சமிருக்காது, பெரும்பாலும் பெருங்குடலில் ஒரு துண்டை எடுத்துச் செய்யவேண்டியிருக்கும். நானியின் முதுகு இப்போது நன்றாக வளைந்துவிட்டது. என் டாக்டரிடம் கேட்டேன். விதை எடுத்த பிறகு உடம்பில் ஆண் ஹார்மோன், பெண் ஹார்மோன் இரண்டுமே போதிய அளவு சுரக்காது, வெளியிலிருந்தும் எடுத்துக்கொள்ளாமல் வருஷக்கணக்கில் இருந்தால் எலும்பு தேய்ந்துகொண்டே போகும் என்றார். நானியிடம் இதை யாருமே சொல்லவில்லை. எனக்கு இதுதான் ஆறவே இல்லை. நீ தயவுசெய்து "ஆபரேஷன்தான் ஆயிற்றே, இனி எதற்கு மாத்திரை" என்று நிறுத்திவிடாதே. ஆண் ஹார்மோனை அடக்குகிற மாத்திரைதான் இனி தேவைப்படாது. ஈஸ்ட்ரோஜன் டாக்டர் மேற்பார்வையில் தொடர வேண்டும். இன்னொன்று, புராஸ்டேட் சுரப்பியை இந்த ஆபரேஷனில் எடுப்பதில்லை. வயதான பிறகு எந்த டாக்டரிடம் போனாலும் அதைச் சொல்லவேண்டும், அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.

கார்த்திகை முடிகிற சமயத்தில் காரணமே இல்லாமல் அழுகை வந்தது. தூங்கி எழுந்தால் அழுகை, சோறு போட்டால் அழுகை. நான் வருந்துகிறேனோ என்று குருவுக்குப் பயம். வருத்தம் இல்லை. மயக்க மருந்து, வலி, சரியான தூக்கம் இல்லாதது, ஆபரேஷனுக்கு முன்பே ஹார்மோனை நிறுத்தி வைத்தது, எல்லாம் சேர்ந்து ஆளைக் கீழே தள்ளிவிடும், நிறைய பேருக்கு வருவதுதான் என்று கவுன்சிலர் சொன்னார். உனக்கும் வந்தால் பயப்படாதே, தனியாக மட்டும் இருக்காதே. இடையிடையே கீழே சுளீர் சுளீரென்று இழுக்கும். நரம்பு உயிர் பிடிக்கிற அடையாளம் அது. எனக்கு உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்திருக்கிறது. மற்றதை நேரில் சொல்கிறேன்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். 2008-இல் தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கு நல வாரியம் வந்தது. அதை ஒட்டி அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் இலவசமாகும் வழியும் பிறந்தது. நானியின் காலத்தை நினைத்தால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும், கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ஆபரேஷன்தான் இலவசம், ஓய்வு இலவசம் இல்லை. வாடகை நிற்காது. பேட், ஜெல்லி, மருந்து எல்லாம் காசு. 2021 முதல் டவுன் பஸ்ஸில் நமக்கும் டிக்கெட் இல்லைதான், ஆனால் அந்த நிலையில் பஸ் சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு வேகத்தடையையும் தாண்டிப் போகமுடியுமா? ரிவியூவுக்குப் போகவர ஆட்டோதான். நான் தீபாவளித் தையல் காசை எடுத்து வைத்துக்கொண்டு போனேன். அப்படியும் தை மாதத்தில் கையில் ஒன்றும் இல்லை. மிஷின் மிதிக்க முடியாது என்பதால் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டே ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக் கொடுத்தேன். மாசியில்தான் மிஷினில் உட்கார்ந்தேன், அதுவும் நடுவில் ஓட்டை உள்ள அந்தக் காற்று மெத்தையைப் போட்டுக்கொண்டு.

கடை கடையாகக் காசு கேட்டுப் பிழைக்கிறவள் என்ன செய்வாள் சொல். இரண்டாம் வாரமே கடைவீதியில் நிற்கிறார்கள். டைலேட்டர் வைக்க ஒரு தனி அறை கிடையாது, தாழ்ப்பாள் போட்ட கதவு கிடையாது. பிறகு வழி சுருங்கிவிட்டது, சீழ் பிடித்துவிட்டது என்றால் "இதுகளுக்குச் சொன்னால் கேட்கத் தெரியாது" என்று பேச்சு. மூன்று மாதத்துக்கு ஒரு உதவித்தொகை, தங்கிப் புண் ஆற ஓர் இடம், இவ்வளவு இருந்தால் போதும், செலவழித்துச் செய்த அந்த ஆபரேஷன் வீணாகாது. வாரியக் கூட்டத்துக்குப் போகிற அக்காக்களிடம் இதை நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நீயும் சொல்லு.

இதையெல்லாம் யோசித்தபோதுதான் நாற்பது நாள் வழக்கத்தின் மேல் எனக்கு மதிப்பு கூடியது. வெளியே போகாதே, வேலை செய்யாதே, மற்றவள் சமைத்துப் போடுவாள் என்று நமக்கு விடுப்புக் கொடுத்தது அது ஒன்றுதான். தண்ணீர் காய்ச்சி வைத்ததும், என் துணியை அலசியதும், ராத்திரி எழுப்பி மாத்திரை கொடுத்ததும் குருவின் சீடர்களான சேலாக்கள்தான். நாற்பதாம் நாள் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, நாம் கும்பிடும் மாத்தா தெய்வத்தின் படத்துக்கு முன்னால் உட்கார வைத்தபோது நானி அழுதார். அம்மா வரவில்லை. ஆனால் தம்பியிடம் உரித்த பூண்டும் பத்தியக் குழம்புப் பொடியும் கொடுத்து அனுப்பியிருந்தாள், அக்காவின் பிரசவத்துக்கு இடித்த அதே பொடி.

உன் கடிதத்தில் கடைசியாக ஒன்று கேட்டிருந்தாய், சர்க்கரை குறையவே இல்லையென்றால் காலம் முழுக்க ஆபரேஷன் ஆகாத அக்குவாவாகவே இருந்துவிடுவேனா என்று. நிர்வாணம் ஆகாதவளைக் கொஞ்சம் தாழ்த்திப் பார்க்கிற வழக்கம் நம்மவர்களிடமே இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. பாலினத்தைத் தீர்மானிப்பது அவரவர் உரிமை, அதற்கு ஆபரேஷனைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2014-இல் சொல்லிவிட்டது. நாம் எதற்கு ஒருத்திக்கு ஒருத்தி சான்றிதழ் கேட்க வேண்டும்? உனக்கு வேண்டும் என்று தோன்றுகிறது, செய்துகொள். வேண்டாம் என்று தோன்றினாலும் நீ எனக்கு இதே கல்பனாதான்.

சரி, வேலைக்கு வருவோம். தீபாவளி முடிந்ததும் எனக்கு ஆர்டர் குறைந்துவிடும். தேதி கிடைத்ததும் சொல், கோயம்புத்தூர் வந்து உன்னோடு இருந்துவிட்டு, மிஷின் வேலை கூடுகிற மாசிக்குத்தான் திரும்புவேன். கடைக்கு ஆள் பார்த்து இப்போதே பழக்கி வை. அட்மிஷன் ஃபாரத்தில் துணைக்கு இருப்பவர் பெயர் கேட்பார்கள், என் பெயரைக் கொடு. உறவு என்ன என்று கேட்டால் அக்கா என்று எழுது. காற்று மெத்தையைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன், கொண்டு வருகிறேன். நீ வாங்காதே.

அன்புடன்,
வசந்தி
விழுப்புரம்