வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் படிவத்தை நிரப்பிவிடு

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசி முடித்த பிறகும் நீ சொன்ன ஒரு வார்த்தை மனத்தை விட்டு அகலவில்லை. லண்டனில் இருக்கும் வானியல் சங்கமான ராயல் அஸ்ட்ரானமிக்கல் சொசைட்டியில் ஃபெலோவாக, அதாவது உறுப்பினராகச் சேரும்படி உன் பேராசிரியரே படிவத்தை அனுப்பியிருக்கிறார், தானே முன்மொழிவதாகவும் சொல்லியிருக்கிறார். நீயோ மூன்று மாதமாக அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பெயருக்குப் பின்னால் FRAS என்று நான்கு எழுத்து, அவ்வளவுதானே அப்பா, அதற்கென்ன அவசரம்?" என்றாய். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று உன் பாட்டி சொல்வாள். அதைப் போனில் சொன்னால் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நுங்கம்பாக்கத்தில் எங்கள் வானிலை அலுவலக வளாகத்தில் இருக்கும் கல்தூண் உனக்கு நினைவிருக்கிறதா? ஏழு வயதில் உன்னை அங்கே அழைத்துப் போனேன். இரண்டு கைகளாலும் அதைக் கட்டிப் பிடிக்கப் பார்த்தாய், கை எட்டவில்லை. கல்லில் செதுக்கியிருந்த தமிழ் எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே எழுத்துக்கூட்டினாய். 1792-இல் கட்டிய சென்னை வானாய்வகத்தில் தொலைநோக்கியைத் தாங்கி நின்ற தூண் அது. அதைக் கடந்துதான் இத்தனை ஆண்டுகளும் வேலைக்குப் போனேன். காலை 8.30 மணிக்கு மழைமானியின் கண்ணாடிக் குவளையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, நீர்மட்டத்தின் அடிவளைவைப் பார்த்து, மில்லிமீட்டர் கணக்கைப் பதிவேட்டில் எழுதுவேன். வானிலைக் கணக்கை எனக்கு முன்னால் அந்த இடத்தில் பார்த்துக்கொண்டவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. ஐசிஸ் போக்சன் என்று பெயர். அவருடைய கதையை உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை.

அவருடைய தந்தை, வானியலாளர் நார்மன் போக்சனை உனக்குத் தெரியும். விண்மீன்களின் பிரகாசத்தைக் கணக்கிட நீ தினமும் கணினியில் போடும் 2.512 என்ற எண் அவர் கொடுத்தது. ஐந்து படி வேறுபாடு என்றால் ஒளியில் நூறு மடங்கு என்ற அந்த அளவை 1856-இல் அவர் முன்வைத்தது இந்தச் சொசைட்டியின் 'மந்த்லி நோட்டீஸஸ்' இதழில்தான். உன் முதல் கட்டுரை வந்ததும் அதே இதழில் என்பதை நீ கவனித்தாயா? 1861-இல் அவர் சென்னை வானாய்வகப் பொறுப்பை ஏற்கக் குடும்பத்தோடு இங்கே வந்தார். வந்த சில வாரங்களிலேயே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்று பெயர் வைத்தார். ஆசிய மண்ணிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது.

அவர் மகள் ஐசிஸ் அப்போது எட்டு வயதுச் சிறுமி. தாய் இறந்த பிறகு தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டதும் அவர்தான். 1873-இல் வானாய்வகத்தில் கணக்கீட்டாளராகச் சேர்ந்தார். இரவு முழுதும் எடுத்த அளவுகளைக் கூட்டிக் கழித்துத் திருத்தி அட்டவணையாக்கும் வேலை, கண் நோகும் வேலை. 1881 முதல் சென்னை மாகாணத்தின் வானிலை அறிக்கைப் பொறுப்பும் அவரிடம் வந்தது. மொத்தம் 25 ஆண்டுகள் அங்கே உழைத்தார்.

1886-இல் போக்சன் தன் மகளின் பெயரை ராயல் அஸ்ட்ரானமிக்கல் சொசைட்டிக்கு முன்மொழிந்தார். அதற்கு முன் எந்தப் பெண்ணின் பெயரும் ஃபெலோ பதவிக்கு அப்படிப் போனதில்லை. சொசைட்டி இரண்டு வழக்கறிஞர்களிடம் கருத்துக் கேட்டது. 1831-இல் மன்னர் வழங்கிய சாசனத்தில் ஃபெலோ என்று வரும் இடத்திலெல்லாம் ஆண்பால் சொல்தான் இருக்கிறது, ஆகவே பெண்ணைச் சேர்ப்பது சட்டப்படி செல்லாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். தமிழில் எழுதிய சாசனமாக இருந்திருந்தால் 'அவர்' என்று போட்டிருப்பார்கள், அந்தச் சொல்லில் ஆண் பெண் பேதமே இல்லையே என்று நான் பலமுறை நினைத்துக்கொண்டதுண்டு. மகளின் பெயரைத் தன் கையால் எழுதி அனுப்பி, அது திரும்பி வந்த செய்தியைப் படித்த அந்தத் தகப்பனை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

இத்தனைக்கும் அதே வானாய்வகத்தில் போக்சனின் உதவியாளராக இருந்த நம்மூர் ரகுநாதாசாரியை 1872-லேயே ஃபெலோவாக ஏற்றுக்கொண்ட சொசைட்டி அது. ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீனின் ஒளி கூடிக் குறைவதை 1867-இல் கண்டு சொன்னவர் அவர். 1874-இல் வெள்ளி, சூரியனைக் கடந்தபோது பஞ்சாங்கக் கணக்கையும் புதிய கணக்கையும் நம் மக்களுக்குப் புரியவைக்க ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் சிறு நூல் எழுதினார். நிறமும் நாடும் தடையாக நிற்காத அந்தக் கதவு, பெண் என்றதும் மூடிக்கொண்டது.

அந்தச் சொசைட்டியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதன் பிறப்பே எனக்குப் பிடிக்கும். 1820 ஜனவரி 12 அன்று லண்டனில் ஃப்ரீமேசன்ஸ் டாவர்ன் என்ற விடுதியில் 14 பேர் சேர்ந்து சாப்பிட்டார்கள். ஜான் ஹெர்ஷலும் சார்லஸ் பாபேஜும் இருந்தார்கள். பங்குத் தரகரான ஃபிரான்சிஸ் பெய்லி இருந்தார், பாதிரியார் ஒருவர் இருந்தார். வங்காளத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து, பிரம்மகுப்தரையும் பாஸ்கரரையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன கோல்புரூக்கும் அந்த மேசையில் இருந்தார். பாஸ்கரர் தன் மகளின் பெயரைத் தன் கணக்கு நூலுக்கு வைத்தார் என்று ஒரு வழக்கு உண்டல்லவா? அதை மொழிபெயர்த்தவரும் இவர்தான். ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸ் இந்த முயற்சியை விரும்பவில்லை. முதலில் தலைவராகத் தேர்ந்த பிரபு அவருக்காக விலகிக்கொண்டார். பிறகு ஜானின் தந்தை வில்லியம் ஹெர்ஷல், எண்பது வயது கடந்த பிறகு, தலைவராக இருக்கச் சம்மதித்தார். அவருடைய நாற்பதடித் தொலைநோக்கிதான் இன்றும் சொசைட்டியின் சின்னம். ஒளிர்வது எதுவானாலும் குறித்து வை என்பது அவர்களுடைய இலத்தீன் வாசகத்தின் பொருள். குறித்து வைத்தே வாழ்ந்தவன் நான், எனக்கு அந்த வாசகம் பிடிக்காமல் இருக்குமா?

வில்லியமின் தங்கை கரோலினுக்கு 1828-இல் தங்கப்பதக்கம் கொடுத்தார்கள். அடுத்து ஒரு பெண்ணுக்கு அது கிடைத்தது 1996-இல், வேரா ரூபினுக்கு. நடுவில் 168 ஆண்டுகள். 1892-இல் மூன்று பெண்களின் பெயர்கள் போய் வாக்கெடுப்பில் தோற்றன. 1915-இல் சாசனம் திருத்தப்பட்டு, 1916 ஜனவரியில்தான் முதல் ஐந்து பெண்கள் ஃபெலோ ஆனார்கள். 1892-இல் தோற்ற மூவரில் ஒருவரான ஆனி ரஸலின் திருமணத்துக்குப் பிந்தைய பெயரில், ஆனி மாண்டர் பதக்கம் என்று இப்போது ஒன்றை வழங்குகிறார்கள்.

ஐசிஸ் 1920-இல் ஃபெலோ ஆனார். தந்தை எழுதி அனுப்பி 34 ஆண்டுகள் கழித்து. போக்சன் 1891-லேயே சென்னையில் இறந்துவிட்டார்.

வானியற்பியலாளர் சந்திரசேகரின் கதையை நீ எனக்குச் சொல்லும் அளவுக்கு அறிந்தவள். 1935 ஜனவரியில் இதே சொசைட்டியின் கூட்டத்தில் வானியலாளர் எடிங்டன் அவரை எல்லோர் முன்னிலும் மடக்கியதும், 1953-இல் அதே சொசைட்டி தங்கப்பதக்கம் கொடுத்ததும் உனக்குத் தெரியும். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

நீ வெறும் நான்கு எழுத்து என்றாயே, அதற்காகச் சொல்கிறேன். எழுத்து வேண்டாம், இடம் வேண்டும் உனக்கு. அறையும் ஆய்வகமும் பல்பொருள் அங்காடியும் தவிர வேறெங்கும் போவதில்லை என்று நீயே சொன்னாய். பிக்காடிலியில் பர்லிங்டன் ஹவுஸில் 1874 முதல் அவர்கள் இருக்கிறார்கள். அக்டோபர் முதல் மே வரை மாதத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை கூட்டம் நடக்கிறது. நல்ல நூலகம் இருக்கிறது. இளம் ஆய்வாளர்களுக்கு நல்கையும் தருகிறார்கள். தொழில்முறை வானியலாளர்தான் வர வேண்டும் என்றும் இல்லை, வீட்டு மாடியில் தொலைநோக்கி வைத்திருப்பவர்களும் ஃபெலோவாக இருக்கிறார்கள். தேநீர் நேரத்தில் கோப்பையை எடுத்துக்கொண்டு ஓரமாக நிற்காதே. பக்கத்தில் இருப்பவரிடம் எதை ஆராய்கிறீர்கள் என்று கேள். உன்னைப் போலத் தயங்கி நிற்கும் பிள்ளை அங்கே இன்னொன்றும் இருக்கும்.

படிவத்தில் கயல்விழி என்று முழுப் பெயரை எழுது. அங்கே அழைப்பதற்கு வசதியாகச் சுருக்க வேண்டாம். அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், அடுத்த வாரம் பார்சலில் வரும். தேர்வான செய்தி வந்ததும் போன் செய். அங்கே மாலை நான்கு மணி என்றால் இந்தக் குளிர்காலத்தில் இங்கே இரவு ஒன்பதரை. இன்னும் நேரமானாலும் பரவாயில்லை, விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா