பிளாங்கோ ஊராருக்கு ஒரு நன்றி மடல்

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய பிளாங்கோ ஊர்ப் பெரியோர்களுக்கும், என் தொடரை இரண்டு ஆண்டுகளாகப் படித்து வந்த தமிழ் வாசகர்களுக்கும் வணக்கம்.

டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோவுக்கு வடக்கே, சுண்ணாம்புக்கல் குன்றுகளுக்கு நடுவே, பிளாங்கோ ஆற்றங்கரையில் இருக்கிறது இந்தச் சிற்றூர். இரண்டாம் உலகப் போர் முடிந்து படைக்குப் போனவர்கள் வீடு திரும்பிய 1945ஆம் ஆண்டு முதல், நெடிய வறட்சி மழையோடு முடிந்த 1957ஆம் ஆண்டு வரை இவ்வூரும் சுற்றுப்பட்டுகளும் எப்படி வாழ்ந்தன என்பதைத் தமிழில் எழுத முனைந்தேன். சென்ற மாதம் அந்தத் தொடர் நிறைவடைந்தது. அதில் நானாக எழுதிய வரிகள் குறைவு; பெரும்பகுதி மற்றவர்கள் வாயாரச் சொன்னவை, அவர்கள் திறந்து காட்டிய பெட்டிகளில் இருந்தவை. அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்பதைக்கூட இந்த ஊரிடமிருந்தேதான் கற்றுக்கொண்டேன்.

வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தார் பழைய ஊர்ச் செய்தித்தாள்களை இணையத்தில் ஏற்றி, யாரும் காசின்றிப் படிக்கும்படி வைத்திருக்கிறார்கள். போருக்குப் பிந்தைய ஆண்டுகளின் வார இதழ்களை அங்கே பக்கம் பக்கமாகப் பார்த்தபோது, ‘நன்றி அட்டை’ என்ற தலைப்பில் சிறு அறிவிப்புகள் மீண்டும் மீண்டும் கண்ணில் பட்டன. வீட்டில் ஒருவர் இறந்திருப்பார், அல்லது அறுவடை நேரத்தில் குடும்பத்தலைவர் நோயில் விழுந்திருப்பார். சில வாரங்கள் கழித்து அந்தக் குடும்பம் நான்கைந்து வரிகளில் ஊருக்கு நன்றி சொல்லும்: உணவு கொண்டுவந்தவர்களுக்கு, இரவில் கண்விழித்து உடனிருந்தவர்களுக்கு, மாடு கறந்து கொடுத்தவர்களுக்கு. அவற்றுள் பலவற்றில் உதவியவர்களின் பெயர்கள் இருக்காது; செய்த வேலை மட்டுமே இருக்கும். என்னோடு பேசிய மூத்தவர்களும் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்றே கேட்டுக்கொண்டார்கள். ஆகவே நானும் அந்த வழக்கப்படியே, பெயரின்றி, செய்த வேலையைச் சொல்லி நன்றி கூறுகிறேன்.

முதல் நன்றி, தொண்ணூறை நெருங்கும் ஒரு பாட்டிக்கு. இங்கே மூத்த பெண்களை ‘மிஸ்’ என்ற சொல்லைப் பெயருக்கு முன் சேர்த்து அழைப்பார்கள். எனக்கு அவர் பாட்டிதான். மின்சாரம் வந்த கதையை நான் முதலில் தவறாக எழுதியிருந்தேன். போர் முடிந்தது, மின்சாரம் வந்தது என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அவருடைய பேத்தி அதை ஆங்கிலத்தில் படித்துக் காட்டியபோது பாட்டி பேசாமல் எழுந்து உள்ளே போனார். வார்ப்பிரும்பில் செய்த இஸ்திரிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். எடை மூன்று கிலோ இருக்கும். விறகு அடுப்பின் மேல் இப்படி மூன்று நான்கு பெட்டிகளை வரிசையாக வைத்து, ஒன்று ஆறியதும் மற்றொன்றை எடுத்து, கோடை வெயிலில் அடுப்பங்கரையை விட்டு நகராமல் ஒரு நாள் முழுவதும் தேய்க்க வேண்டும். கைப்பிடியைப் பிடிக்கத் துணி வேண்டும். புகைக்கரி சட்டையில் ஒட்டினால் மறுபடி துவைக்க வேண்டும். துவைக்கக் கிணற்றிலிருந்து நீர் இறைத்துச் சுமக்க வேண்டும்.

அதன் பிறகுதான் வரலாற்றைச் சொன்னார். 1930களின் நடுவில் டெக்சாஸ் பண்ணைகளில் நூற்றுக்கு மூன்றுக்குக்கூட மின்சாரம் இல்லை. ஆளில்லாத குன்றுகளில் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்று தனியார் நிறுவனங்கள் ஒதுங்கிவிட்டன. அப்போது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் இப்பகுதியின் உறுப்பினராக இருந்த லிண்டன் ஜான்சனின் முயற்சியாலும், கூட்டுறவில் சேரும்படி வீடு வீடாகச் சென்று பேசியவர்களின் உழைப்பாலும் 1938இல் பெடர்னாலஸ் மின் கூட்டுறவு உருவாயிற்று. மறு ஆண்டே பல வீடுகளில் விளக்கு எரிந்தது. போரில் அமெரிக்கா இறங்கியதும் செம்புக் கம்பி படைக்குப் போயிற்று. கம்பம் எந்த இடம் வரை வந்திருந்ததோ அங்கேயே நின்றது. “சிலருக்கு விளக்கு வந்த பிறகு போர் வந்தது, எங்களுக்குப் போர் முடிந்த பிறகுதான் விளக்கு வந்தது” என்றார் பாட்டி. அடுத்த பண்ணையில் விளக்கு எரிவதைத் தன் தாய் நான்கு ஆண்டுகள் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. அந்த அத்தியாயத்தை முழுவதும் திருத்தி எழுதினேன். என் பிழையைப் பிறர் முன்னிலையில் சுட்டாமல், இரும்பைக் கையில் கொடுத்துப் புரிய வைத்த அந்தப் பண்பிற்குத் தலை வணங்குகிறேன்.

அடுத்து, ஆட்டுரோமம் கத்தரிக்கும் தொழிலில் வாழ்நாளைக் கழித்த மெக்சிகோ வழிவந்த ஒரு குடும்பத்திற்கு. இக்குன்றுகளில் அங்கோரா ஆடுகள் பெருகியிருந்த காலம் அது. ஆண்டுக்கு இருமுறை அவற்றின் ரோமத்தைக் கத்தரிக்க, ஒரு தலைவரின் கீழ் பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழு பண்ணை பண்ணையாகப் போகும். ஓர் ஆட்டை முடித்தால் ஒரு வில்லை கொடுப்பார்கள். மாலையில் வில்லைகளை எண்ணிக் கூலி தருவார்கள். தன் தந்தையின் வில்லை ஒன்றைப் பெரியவர் எனக்குக் காட்டினார். காட்டிவிட்டு, நான் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்த செய்திக்கு அவரே வந்தார்.

போரில் இறந்தவர்களின் உடல்களை, குடும்பத்தார் விரும்பினால், 1947 முதல் அமெரிக்க அரசு தாயகத்திற்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு படைவீரர் துணைக்கு வருவார். பெட்டி வந்த வீட்டில், அறிமுகமற்ற அந்த வீரருக்கும் சேர்த்துச் சமைத்து, துயரத்தின் நடுவிலும் அவரைச் சாப்பிட வைத்து அனுப்பினார்கள் என்பதைப் பலர் எனக்குச் சொன்னார்கள். எல்லா வீடுகளுக்கும் அந்த அமைதி கிடைக்கவில்லை. தெற்கே த்ரீ ரிவர்ஸ் என்ற சிற்றூரைச் சேர்ந்த, மெக்சிகோ வழிவந்த ஃபீலிக்ஸ் லொங்கோரியா 1945இல் பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் கொல்லப்பட்டவர். 1949இல் அவர் உடலை ஊருக்குக் கொண்டுவர ஏற்பாடானபோது, வெள்ளையர்கள் ஆட்சேபிப்பார்கள் என்று சொல்லி, உள்ளூர் இறுதிச்சடங்கு நிலையத்தின் வழிபாட்டுக் கூடத்தை அவர் மனைவிக்குத் தர மறுத்தார்கள். முந்தைய ஆண்டுதான், போரிலிருந்து திரும்பிய மெக்சிகோ வழி வீரர்களின் உரிமைகளுக்காக அமெரிக்க ஜி.ஐ. ஃபோரம் என்ற அமைப்பைக் கார்ப்பஸ் கிறிஸ்டியில் தொடங்கியிருந்த மருத்துவர் ஹெக்டர் கார்சியா இதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். அப்போதுதான் செனட் அவைக்குச் சென்றிருந்த லிண்டன் ஜான்சன் தலையிட, 1949 பிப்ரவரி 16 அன்று ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் லொங்கோரியா முழுப் படைமரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார்.

இந்தச் செய்தி கத்தரிக்கும் குழுவை எட்டிய நாளில், தன் தந்தை கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் ஆட்டின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார் என்று பெரியவர் சொன்னார். அந்த ஆண்டுகளின் ஒற்றுமையை மட்டும் எழுதி, இதை விட்டுவிட்டுப் போயிருந்தால் என் தொடர் பொய்யாகியிருக்கும். கேளாமலே சொன்னதற்காக அவருக்கு என் தனி நன்றி.

அதே போன்ற நன்றியைப் பேட்டன் காலனி தேவாலயத்தைச் சேர்ந்தவர்களுக்கும் சொல்ல வேண்டும். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பேட்டன் ராபர்ட்ஸும் அவரைப் பின்பற்றி வந்தவர்களும் உள்நாட்டுப் போருக்குப் பின் அமைத்த குடியிருப்பு அது. பிளாங்கோவுக்குக் கிழக்கே சில மைல் தொலைவில் இருக்கிறது. 1948இல் அதிபர் ட்ரூமன் ஆணையிடும்வரை கறுப்பின வீரர்கள் படைக்குள்ளேயே தனிப் பிரிவுகளில்தான் வைக்கப்பட்டிருந்தார்கள்; அந்தச் சீருடையோடு டெக்சாஸ் திரும்பியபோதும் அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளியே இருந்தது. மாநிலத் தேர்தல்களில் வாக்களிக்க வரி கட்ட வேண்டும் என்ற விதியும் 1966 வரை இருந்தது. அந்த வரி ரசீதுகளைப் பாட்டனார் ஏன் பைபிளுக்குள் பத்திரப்படுத்தினார் என்பதை, ஞாயிறு வழிபாடு முடிந்த பின் ஒரு மணி நேரம் என்னோடு உட்கார்ந்து விளக்கிய சகோதரிக்கு நன்றி.

வறட்சியைப் பற்றி எழுதும்போது எனக்கு மொழியே தடையாக இருக்கவில்லை. மழை பொய்த்த நிலத்தின் சொற்கள் தமிழில் ஏராளம். 1950 முதல் ஏழாண்டுகள் நீண்ட அந்தக் கொடுமையில், மாநிலத்தின் 254 மாவட்டங்களில் 244 பேரிடர்ப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. இடையில் 1952 செப்டம்பரில் ஒரே மூச்சில் கொட்டிய மழை ஆறுகளில் வெள்ளமாக ஓடி, மேல்மண்ணையும் வேலிகளையும் அள்ளிச் சென்றது; வறட்சி தீரவில்லை. புல் தீர்ந்தபோது மாடுகளுக்குச் சப்பாத்திக்கள்ளியைத் தீனியாக்கினார்கள். முள்ளை மட்டும் பொசுக்க, தீயை உமிழும் கருவியைத் தோளில் தொங்கவிட்டு, செடி செடியாகச் சுட்டுக்கொண்டே போவார்கள். அந்தக் கருவியின் இரைச்சலைக் கேட்டாலே மாடுகள் ஓடிவந்து சூழ்ந்துகொள்ளும். நம் ஊர்களில் வேலியாக நிற்கும் சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டங்களிலிருந்து நம்மிடம் வந்தது என்பதை நான் சொன்னபோது, கள்ளி சுட்டுக் காட்டிய தாத்தா நெடுநேரம் வியந்தார். எண்பத்தைந்து வயதில், எனக்காக அந்தக் கருவியைக் கொட்டகையிலிருந்து எடுத்துப் பழுதுபார்த்து, இரண்டு செடிகளைச் சுட்டுக் காட்டினார். 1957இன் இளவேனிலில் மழை வந்தபோது தன் தந்தை தொப்பியைக் கழற்றிவிட்டு முற்றத்தில் நனைந்தபடி நின்றதை அவர் சொன்ன மாலையில் நாங்கள் இருவரும் பேச முடியாமல் இருந்தோம்.

போர் முடிந்து வந்தவர்களுக்கு மாலையில் வேளாண் வகுப்பு நடத்திய ஆசிரியரின் குறிப்பேடுகளைத் தந்த மகளுக்கு நன்றி. டெக்சாஸின் பள்ளிக் கல்வியைச் சீரமைத்த 1949இன் கில்மர்–எய்க்கின் சட்டங்களுக்குப் பின் மூடப்பட்ட ஓராசிரியர் பள்ளிகளைச் சமூகக் கூடங்களாக மாற்றி, இன்றும் வெள்ளையடித்துக் காப்பவர்களுக்கு நன்றி. அவற்றுள் மூன்றின் சாவியை என்னை நம்பிக் கொடுத்தார்கள். ஒரே தொலைபேசிக் கம்பியை எட்டு வீடுகள் பகிர்ந்துகொண்ட காலத்தில், தங்கள் வீட்டு மணி நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று என்று இன்னும் நினைவு வைத்திருந்து மேசையில் தட்டிக் காட்டிய சகோதரர்களுக்கு நன்றி. ஒன்பது கட்டைப் பந்துருட்டு மன்றத்தாருக்கும் நன்றி. ஜெர்மானியக் குடியேறிகள் கொண்டுவந்த அந்த ஆட்டம் அமெரிக்காவில் இப்போது சான் அன்டோனியோவைச் சுற்றிய சில மாவட்டங்களில் மட்டுமே உயிரோடு இருக்கிறது. ஒன்பதும் விழுந்தால் ஒன்பது புள்ளி; நடுவிலுள்ள சிவப்புக் கட்டையை மட்டும் நிற்க வைத்து மற்ற எட்டையும் வீழ்த்தினால் பன்னிரண்டு என்பதை எனக்குப் பொறுமையாகச் சொல்லித் தந்தார்கள். பழைய நீதிமன்றக் கட்டடம் அந்த ஆண்டுகளில் மருத்துவமனையாக இருந்ததால், என்னோடு பேசியவர்களில் சிலர் பிறந்த அறையிலேயே அவர்களைப் பேட்டி காண முடிந்தது. கதவைத் திறந்து விட்டவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கோயம்புத்தூரில் இருந்தபடி, ஆட்டுரோமம் முதல் கிணற்று உருளை வரை நான் தடுமாறிய சொற்களுக்கெல்லாம் தமிழ் தேடித் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா அவர்களையும் இங்கே நினைக்கிறேன். மாதம் ஒரு கடிதம் தவறாமல் எழுதினார்.

சென்ற குளிர்காலத்தில் நான் படியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டது வாசகர்களுக்குத் தெரியும். தொடர் ஏழு வாரம் நின்றது. அந்த ஏழு வாரமும் எங்கள் வாசலில் மூடிய கண்ணாடிப் பாத்திரங்கள் வந்துகொண்டே இருந்தன. நாங்கள் இறைச்சி உண்ணாதவர்கள் என்று யாரோ ஒருவர் மற்றவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் காகித நாடாவில் அதன் சொந்தக்காரர் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. செய்தித்தாள்களின் நன்றி அட்டைகளில் உணவு கொண்டுவந்தவர்கள் என்று நான் படித்தது எது என்பதை அப்போதுதான் கையில் வாங்கிப் பார்த்தேன். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று என் தாய் சொல்லி வளர்த்தவள் நான். கை கூடியதும் ஒவ்வொன்றிலும் எலுமிச்சை சாதமோ முறுக்கோ வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டு பாத்திரங்கள் மட்டும் இன்னும் என் அடுக்களையில் இருக்கின்றன. கழுவும்போது நாடா ஊறிக் கழன்றுவிட்டதால் யாருடையவை என்று தெரியவில்லை. ஒன்று நீள்சதுரம், ஓரத்தில் நீலப் பூ வரைந்தது; மற்றொன்று வட்டம், மூடியில் சிறு கீறல் உள்ளது. இம்மடலின் ஆங்கில வடிவத்தை ஊர் நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். உரியவர்கள் நூலகத்தில் ஒரு சொல் சொல்லிவிட்டால், அன்று மாலையே முறுக்குச் சுட்டு எடுத்துக்கொண்டு உங்கள் வாசலுக்கு வருவேன்.

நன்றியுடனும் வணக்கத்துடனும்,
உங்கள் தெருவில் குடியிருக்கும் தமிழ்ப் பெண்