நர்சரி, பிரைமரி பள்ளிகள் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2025-26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், நேரில் வந்திருக்கும் நர்சரி, பிரைமரி பள்ளி முதல்வர்கள் அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். அவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் போகும், நீல டிக் விழும், பதில் வராது.

செயற்குழு ஆறு முறை கூட்டப்பட்டது. கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான ஆள் எண்ணிக்கை, இருந்தது மூன்று முறை. மற்ற மூன்று முறையும் தலைவர், பொருளாளர், நான் ஆகிய மூவரும் டீ குடித்துவிட்டுத் தீர்மானம் எதுவும் போடாமல் கலைந்தோம்.

ஆசிரியர் தினம் கொண்டாடப்பட்டது. பொங்கல் விழாவும் நடந்தது. குழந்தைகள் தினத்தன்று யுகேஜி மாறுவேடப் போட்டியில் பதினோரு பாரதியார்கள் ஒரே நேரத்தில் மேடையேறிவிட்டார்கள். அதில் ஒருவருடைய மீசை இன்னொருவர் தலைப்பாகையில் ஒட்டிக்கொண்டு பெரிய அழுகை. நடுவர்கள் பதினோரு பேருக்கும் பரிசு கொடுத்தது சரியான முடிவு.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, கட்டணத்தை அரசிடம் வாங்கிக்கொள்ளும் 25 சதவீத இடங்கள் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் இணையத்தில் விண்ணப்பம், அப்புறம் குலுக்கல். 2025இல் மத்திய, மாநில அரசுகளின் நிதிப் பிணக்கில் ஜூன் தாண்டியும் ஒன்றும் நடக்கவில்லை. அறிவிப்பு அக்டோபரில்தான் வந்தது. ஏற்கெனவே சேர்ந்த பிள்ளைகளிலேயே தகுதியானவர்களைப் பாருங்கள், அவர்களிடம் வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றார்கள். ஜூனில் வாங்கிய கட்டணம் அக்டோபர் வரை பீரோவிலா இருக்கும்? அது ஜூலை மாதமே டீச்சர்கள் சம்பளமாகப் போயாயிற்று. மனு கொடுக்கப் போகலாம் என்று குழுவில் போட்டபோது பதினேழு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அலுவலக வாசலில் நின்றது மூன்று பேர். அந்த மூவர் யார் என்று மேலே சொல்லிவிட்டேன்.

இனி சான்றிதழ் காலண்டர். இது நான் எடுத்துச் செய்த வேலை என்பதால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 பிள்ளைகள் போன பிறகு கெடுபிடி கூடியது. கூட வேண்டியதுதான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அந்த வாரம் எங்கள் பள்ளிக் கீற்றுக் கொட்டகையை நானே ஏணி போட்டு ஏறிப் பிரித்தேன். என் புகார் சட்டத்தின் மீதல்ல, நம் ஞாபகத்தின் மீது. கட்டட உறுதிச் சான்றுக்குப் பொறியாளர், கட்டட உரிமத்துக்கு தாசில்தார், அப்புறம் சுகாதாரச் சான்று, தீயணைப்புச் சான்று. ஒவ்வொன்றுக்கும் காலக்கெடு வேறு. அங்கீகாரம் புதுப்பிக்க விண்ணப்பிக்கிற அன்றைக்கு நான்கும் உயிரோடு இருக்க வேண்டும். ஒன்றை வாங்கி வருவதற்குள் இன்னொன்று செத்துப்போகிறது.

அதனால் உறுப்பினர் பள்ளி ஒவ்வொன்றின் கெடு தேதியையும் போட்டு ஒரு காலண்டர் அடிக்கலாம் என்று நினைத்தேன். 48 பள்ளிகளிடம் தேதி கேட்டேன். 19 பள்ளிகள் கொடுத்தன. ஒருவர் தேதிக்குப் பதில் ரோஜாப் பூவோடு 'இனிய காலை வணக்கம்' அனுப்பினார். கடைசியில் தேதியை அவரவரே எழுதிக்கொள்ளும்படி கட்டம் மட்டும் போட்டு 50 பிரதி அச்சடித்தேன். வாங்கிப் போனவர்கள் போக 31 பிரதிகள் எங்கள் பள்ளி ஸ்டோர் ரூமில் ஆண்டு விழா அட்டைக் கிரீடங்களுக்குக் கீழே இருக்கின்றன.

பிப்ரவரியில் ஒருநாள் இரவு பத்தே முக்காலுக்கு போன். "சார், ஃபயர் சர்டிஃபிகேட் போன மாசமே முடிஞ்சிருச்சு சார். அந்தக் காலண்டர் ஒண்ணு இருக்குமா?" இருக்கிறது மேடம், முப்பத்தொன்று இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. மறுநாள் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரும் அதை மறந்து வைத்துவிட்டுப் போக, அது திரும்பி வந்துவிட்டது. எண்ணிக்கை மாறவில்லை.

யாராவது எழுந்து கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளியின் சுகாதாரச் சான்று நவம்பரில் காலாவதியாகி, பதினொரு நாள் கழித்துத்தான் கவனித்தேன். காலண்டர் என் அறையில்தான் தொங்கியது. அதன் மேல் ஆயாம்மா முருகர் படம் போட்ட மளிகைக்கடைக் காலண்டரை மாட்டிவிட்டார்கள். இது திட்டத்தின் குறை அல்ல, அறையில் ஒரே ஆணி இருந்ததன் குறை.

சந்தா. ஆண்டுக்கு 1,000 ரூபாய். 48 பேரில் முழுதாகக் கட்டியவர்கள் 22 பேர். நான்கு பேர் பாதி. பெற்றோர் நம்மிடம் சொல்லும் காரணங்களை நாம் எப்படிச் சிரித்துக்கொண்டே கேட்போம் என்று நமக்குத் தெரியும். 'அடுத்த வாரம் சீட்டு எடுக்கிறேன்', 'ஜிபே வேலை செய்யவில்லை', 'அவர் ஊரில் இல்லை'. இந்த ஆண்டு இவை எல்லாவற்றையும் முதல்வர்கள் வாயாலேயே கேட்டேன். பிள்ளையாக இருந்தால் டைரியில் எழுதி அனுப்பலாம்.

வரவு செலவைப் பொருளாளர் விவரமாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவைவிடச் செலவு சற்று அதிகம். காலண்டர் அச்சுக்கூலியில் சங்கம் கொடுத்தது போக மீதி எங்கிருந்து வந்தது என்பது கணக்கில் வராது, அதை நானும் கேட்கவில்லை.

தலைவர், பொருளாளர், கூட்டத்துக்கு இடம் கொடுத்த பள்ளிகள், இன்னும் பொறுமையாக இருக்கும் அச்சகத்தார், பத்திரிகை நண்பர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி. பள்ளி வாகன ஆய்வு மே மாதம் வரும், வேன் வைத்திருப்பவர்கள் இப்போதே அவசர வழிக் கதவைத் திறந்து பார்க்கவும். சென்ற ஆண்டே இந்தப் பொறுப்பை விடுவதாகச் சொன்னேன், யாரும் மறுக்கவும் இல்லை, முன்வரவும் இல்லை. இந்த ஆண்டும் சொல்கிறேன். சங்க பீரோ சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது, கேட்டால் உடனே கொடுத்துவிடுவேன். கேட்பவர் சந்தா கட்டியவராக இருக்க வேண்டும் என்பது விதி.

சாப்பாடு ஒரு மணிக்கு. பந்திக்குப் போகும் வழியில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் 31 காலண்டர்களும் இருக்கின்றன. கட்டத்தில் ஆண்டு போடவில்லை, எந்த ஆண்டுக்கும் ஆகும்.

இப்படிக்கு,
செயலாளர்