அண்ணன் மகனுக்குச் சரியாக இருந்த வழி என் மகளுக்கு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டம் முடித்த பிறகும் அமெரிக்காவில் பல் மருத்துவம் படிக்கலாம், அதற்கு 'போஸ்ட்-பேக்' என்று ஒரு வருடத் தயாரிப்புப் படிப்பு இருக்கிறது என்று உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையை டர்பனில் இருந்து இணையத்தில் வாசித்தேன். அதில் தப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதை வாசிக்கிற அம்மா அப்பா யாராவது மறுநாளே பணம் கட்டக் கிளம்பிவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் நாங்கள் அப்படித்தான் கிளம்பினோம், ஒரு முழு வருடத்தையும் அதற்கான பணத்தையும் விட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது.

நான் திருநெல்வேலிக்காரி. கணவரின் வேலைக்காக டர்பன் வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கிறோம், பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே பல் மருத்துவராக வேண்டும் என்பதுதான் ஆசை. இந்த நாட்டில் பல் மருத்துவப் பட்டம் கொடுப்பது நான்கே பல்கலைக்கழகங்கள்: பிரிட்டோரியா, ஜோகன்னஸ்பர்க்கில் விட்ஸ், கேப் டவுன் பக்கம் வெஸ்டர்ன் கேப், பிறகு செஃபாகோ மக்காத்தோ. எங்கள் குவாசுலு-நடால் மாகாணத்தில் ஒன்றுகூட இல்லை. பள்ளி முடித்ததும் இடம் கிடைக்கவில்லை, சரி என்று பி.எஸ்சி சேர்ந்தாள். கடைசி வருடம் 2021. கொரோனாவில் பாதி வகுப்பு வீட்டிலிருந்தே நடந்தது, ஜூலையில் டர்பன் கலவரம், கடைகள் எரிந்து தெருவில் ஆண்கள் இரவெல்லாம் காவல் நின்ற அந்த வாரத்தை இங்கே இருந்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். மதிப்பெண் கொஞ்சம் சரிந்தது. அடுத்த வருடம் ஹானர்ஸ் (இங்கே பி.எஸ்சிக்குப் பிறகு படிக்கும் ஒரு வருடப் படிப்பு) படித்துச் சரிசெய்துகொண்டாள், ஆனால் பட்டதாரியாக மறுபடியும் விண்ணப்பித்தபோதும் இங்கே இடம் கிடைக்கவில்லை.

அப்போதுதான் நியூஜெர்சியில் இருக்கும் என் அண்ணன் பேசினார். அவர் மகன் போஸ்ட்-பேக் படித்துத்தான் பல் மருத்துவக் கல்லூரிக்குள் போனான், நம் பிள்ளையையும் அனுப்பு, என் வீட்டிலேயே தங்கிக்கொள்ளட்டும் என்றார். ஒரு கல்வி ஆலோசகரிடமும் கேட்டோம். அவரும் அதே படிப்பையே சொன்னார், இவள் மதிப்பெண் பட்டியலை ஒரு தடவை புரட்டிப் பார்த்ததோடு சரி. அவன் படித்த மாதிரியே ஒரு படிப்பில் 2023 ஆகஸ்டில் சேர்த்துவிட்டோம்.

ஆசிரியர் அவர்களே, போஸ்ட்-பேக் என்ற ஒரே பெயரில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன, உங்கள் கட்டுரையில் இது மட்டும் விட்டுப்போயிருக்கிறது. ஒன்று, தேவையான அறிவியல் பாடங்களை எல்லாம் படித்து முடித்தும் மதிப்பெண் குறைந்துபோனவர்களுக்கு. இன்னொன்று, அந்தப் பாடங்களையே படிக்காதவர்களுக்கு, உதாரணமாக வணிகமோ இலக்கியமோ படித்துவிட்டுப் பிறகு மனசு மாறி வருகிறவர்களுக்கு. முதல் வகையில் கல்லூரியின் உயர்மட்ட உயிரியல் பாடங்கள் இருக்கும்: உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உடலியங்கியல், திசுவியல். இரண்டாவதில் அடிப்படைப் பாடங்கள்: உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல், எல்லாம் ஆய்வகத்தோடு.

அண்ணன் மகன் முதல் வகை. கல்லூரியில் நாலு வருடமும் விளையாட்டு, நண்பர்கள் என்று போய் ஜிபிஏ (நாலுக்கு எவ்வளவு என்று போடும் சராசரி, ஏ என்றால் 4) 2.8இல் வந்து நின்றது. பல் மருத்துவத்தில் சேர்கிறவர்களின் சராசரி அங்கே 3.6ஐ ஒட்டி இருக்கிறது. இந்தக் கணக்கை எல்லோரும் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை கிரெடிட் என்று ஒரு எடை உண்டு. நாலு வருடத்து 120 கிரெடிட்டில் 2.8 என்றால் 336 புள்ளி. ஒரு வருடம் 30 கிரெடிட் படித்து எல்லாவற்றிலும் ஏ வாங்கினாலும் கூடுவது 120 புள்ளிதான். மொத்தம் 456, அதை 150ஆல் வகுத்தால் 3.04. ஒரு வருட உழைப்புக்குக் கால் புள்ளிகூட ஏறவில்லை! பழைய பாடத்தைத் திரும்பப் படித்தால் பழைய மதிப்பெண் அழிந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள், அதுவும் கிடையாது. அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் ('ஆட்சாஸ்' என்பார்கள்) இரண்டு தடவை எழுதியதும் கணக்கில் வரும்.

அப்படியென்றால் அவன் எப்படி உள்ளே போனான்? அதே விண்ணப்பத்தில் அறிவியல் பாடங்களின் ஜிபிஏ தனியாகவும், போஸ்ட்-பேக் வருடத்தின் ஜிபிஏ தனியாகவும் கணக்கிட்டுக் காட்டுகிறார்கள். மொத்தம் 3.04 என்று இருந்தாலும் கடைசி வருடத்தின் வரியில் 4.0ஐ ஒட்டி இருந்தால், இந்தப் பையன் இப்போது மாறிவிட்டான் என்று பார்க்கிறவருக்குத் தெரியும். போஸ்ட்-பேக்கின் முழுப் பலனும் அந்த ஒரு வரியில்தான். அங்கே போய் பி வாங்குவதாக இருந்தால் போகவே வேண்டாம்.

என் மகளுடைய நிலைமை வேறு. அவளுக்கு மதிப்பெண் பெரிய பிரச்சினையே இல்லை. இங்கே 75 எடுத்தாலே டிஸ்டிங்க்ஷன், அமெரிக்காவில் 75 என்றால் சி என்று நினைப்பார்கள், அதனால் மதிப்பெண் பட்டியலைப் பாடவாரியாக மதிப்பீடு செய்துகொடுக்கும் நிறுவனம் மூலம் அனுப்ப வேண்டும், அதைச் செய்துவிட்டோம். எங்களுக்குத் தெரியாதது இதுதான்: வெளிநாட்டில் படித்த பாடங்களை ஆட்சாஸ் தன் ஜிபிஏ கணக்கில் சேர்ப்பதே இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், அங்கே பல கல்லூரிகள் அடிப்படை அறிவியல் பாடங்களை அமெரிக்காவிலோ கனடாவிலோதான் படித்திருக்க வேண்டும் என்கின்றன. டர்பனில் அவள் இரண்டு வருடம் படித்த கரிம வேதியியல் அந்தக் கல்லூரிகளைப் பொறுத்தவரை படிக்காத மாதிரிதான். அவளுக்கு வேண்டியது இரண்டாவது வகை, நாங்கள் சேர்த்தது முதல் வகை.

ஒரு வருடம் முழுக்கப் படித்தாள், எல்லாவற்றிலும் ஏ வாங்கினாள். 2024 ஏப்ரலில் விண்ணப்பம் போடலாம் என்று கல்லூரி கல்லூரியாக எழுதிக் கேட்டபோது ஒவ்வொருவராகப் பதில் போட்டார்கள்: பொது வேதியியல் இல்லை, கரிம வேதியியல் இல்லை, இயற்பியல் இல்லை. அன்று ராத்திரி அவள் போனில் ஒன்றுமே பேசவில்லை, நானும் பேசவில்லை, இரண்டு பேரும் லைனிலேயே இருந்தோம். அந்தத் தேவைப் பட்டியல் ஒவ்வொரு கல்லூரியின் இணையப் பக்கத்திலும் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. வேதியியல் டீச்சராக இருந்தும் நான் அதை முதலில் உட்கார்ந்து வாசிக்கவில்லை, அண்ணன் மகன் போன வழி என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட்டேன். இந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

அப்புறம் இன்னொரு வருடம். கரிம வேதியியலுக்கு முன்னால் பொது வேதியியல் முடித்திருக்க வேண்டும், வரிசை மாற்ற விட மாட்டார்கள். அதனால் கோடை விடுமுறையில் பத்து வாரத்தில் இரண்டு பருவத்துப் பொது வேதியியலை முடித்துவிட்டு, ஆகஸ்டிலிருந்து கரிம வேதியியலும் இயற்பியலும் ஆய்வகத்தோடு படித்தாள். நாலைந்து வருடத்துக்கு முன் இங்கே படித்த அதே பாடங்களை முதலிலிருந்து, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து.

வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை உள்ள பிள்ளைகள் வேலை பார்த்துக்கொண்டே பக்கத்துக் கல்லூரியில் மாலையில் ஒவ்வொரு பாடமாக எடுத்துச் செலவைக் குறைத்துக்கொள்கிறார்கள். மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு அது முடியாது, முழு நேரப் படிப்பில் இருந்தாக வேண்டும், பருவத்துக்குப் பொதுவாக 12 கிரெடிட். அதே மாதிரி அரசாங்கக் கல்விக் கடனும் கிடையாது. தனியார் கடனுக்குப் பெரும்பாலும் அந்த நாட்டுக்காரர் ஒருவர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். எங்களுக்கு அண்ணன் போட்டார். அப்படி ஒருவர் இல்லாத குடும்பம் என்ன செய்யும் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

நுழைவுத் தேர்வு டிஏடி. அதில் உயிரியலும் இரண்டு வேதியியலும் சேர்த்து 100 கேள்வி, பிறகு வாசிப்பு, கணிதம். இயற்பியல் இந்தத் தேர்வில் இல்லை, ஆனால் கல்லூரிகள் கேட்கின்றன, இதில் குழம்ப வேண்டாம். எங்களுக்குப் புதிதாக இருந்தது உருவங்களை மனதில் திருப்பிப் பார்க்கும் பகுதி, 60 நிமிடத்தில் 90 கேள்வி. ஒரு தாளை இரண்டு மூன்று தடவை மடித்து ஓட்டை போட்டிருப்பார்கள், பிரித்தால் ஓட்டைகள் எங்கெங்கே இருக்கும் என்று சொல்ல வேண்டும். என் அம்மா தையல்காரி, ரவிக்கைத் துணியை நாலாக மடித்துக் கத்தரி வைக்கும்போதே விரித்தால் எப்படி வரும் என்று அவருக்குத் தெரியும். அது புத்தகம் படித்து வருவதில்லை, தினமும் கொஞ்ச நேரம் கையால் பழகினால்தான் வரும் என்பதால் ஆறு மாதத்துக்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும். 2025 மார்ச்சிலிருந்து மதிப்பெண் 200 முதல் 600 வரை என்று மாற்றிவிட்டார்கள், முன்பு இருந்த 30 வரையிலான மதிப்பெண் கணக்கைச் சொல்லும் புத்தகங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பல் கிளினிக்கில் கூட நின்று பார்த்த அனுபவமும் கேட்பார்கள், 100 மணி நேரத்தை ஒட்டி இருந்தால் நல்லது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா டென்டல் தெரபிஸ்ட். மெட்ராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களின் வம்சம், தமிழ் பேச வராது, ஆனால் கோவிலில் தேவாரம் பாடினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அவர் பல சனிக்கிழமைகளில் என் மகளைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டார். பல் பிடுங்குவது, அடைப்பது, சுத்தம் செய்வது எல்லாம் அவர் வேலை. அங்கே நின்றதில்தான் அவளுக்கு இந்தத் தொழில் உண்மையில் பிடித்திருக்கிறதா என்று தெரிந்தது. ஆனால் அமெரிக்கக் கல்லூரிகள் பல் மருத்துவரோடு இருந்த நேரத்தைத்தான் எதிர்பார்த்தன, அதை மறுபடி தனியாகச் சேர்க்க வேண்டி வந்தது.

அந்த அக்கா சொன்ன ஒரு யோசனையையும் நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெஸ்ட்வில்லில் குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்திலேயே டென்டல் தெரபி மூன்று வருடம் இருக்கிறது, முதலில் அதைப் படிக்கட்டும் என்றார். ரூட் கனால், கிரவுன் போன்றவை செய்ய முடியாது, ஆனால் வீட்டிலிருந்து போய் வரலாம், படித்ததும் தொழில் இருக்கிறது. இங்கிருக்கும் பிள்ளைகள் இதைத் தாழ்வாக நினைக்கக் கூடாது. அமெரிக்காவில் டாக்டராகித் திரும்பி வந்தாலும் நேராக இங்கே கிளினிக் திறக்க முடியாது, தென்னாப்பிரிக்க சுகாதாரத் தொழில் கவுன்சிலின் தேர்வை எழுதித்தான் பதிவு வாங்க வேண்டும்.

மகள் 2025 ஜூன் தொடக்கத்திலேயே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். விண்ணப்பங்கள் வந்த வரிசையிலேயே கல்லூரிகள் எடுத்துப் பார்த்து நேர்காணலுக்கு அழைப்பார்கள் என்பதால் தாமதித்தால் இடம் குறைந்துகொண்டே போகும். டிசம்பர் நடுவில் ஒரு கல்லூரியிலிருந்து இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. 2026 ஆகஸ்டில் சேர்கிறாள். சந்தோஷம்தான், ஆனால் ஒரு வருடம் முன்பே சேர்ந்திருக்க வேண்டியவள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தப் படிப்பைப் பற்றி எழுதும்போது, சேர நினைக்கும் நாலைந்து பல் மருத்துவக் கல்லூரிகளின் தேவைப் பட்டியலையும் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இல்லாத பாடம் எது, குறைந்த பாடம் எது என்று பேனாவால் குறித்த பிறகுதான் எந்தப் போஸ்ட்-பேக்குக்கும் பணம் கட்ட வேண்டும் என்பதை முதல் பத்தியிலேயே போடுங்கள். வெளிநாட்டில் படித்த பாடத்தை ஏற்பார்களா என்று ஒவ்வொரு கல்லூரிக்கும் மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்கவும் சொல்லுங்கள். எங்கள் பட்டியல்கள், வந்த பதில்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. உங்கள் வாசகர்களுக்கு உதவும் என்றால் மகளின் பெயரை மட்டும் மறைத்துவிட்டு அனுப்பத் தயார்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்