உட்கார்ந்து காத்திருக்க இடம் கேட்டு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
உங்கள் விழாவுக்கு இரண்டு நாள் டிக்கெட் எடுத்த வாடிக்கையாளர்,
சாத்தூர், விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
ரசிகர் விழா ஏற்பாட்டு நிறுவனம்,
சென்னை.

பொருள்: சென்ற மாதம் சென்னையில் நடந்த காமிக்ஸ், அனிமே, கேமிங் ரசிகர் விழாவில் மாற்றுத்திறனாளிகளுக்கு உறுதியளித்த வசதிகள் இல்லாமை, கட்டணத்தைத் திருப்பித் தரவும் அடுத்த விழாவுக்குள் குறைகளைச் சரிசெய்யவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எனக்கு 47 வயது. ஒன்றரை வயதில் வந்த போலியோ என் இடது காலைப் பாதித்தது. அந்தக் காலில் காலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்), இரண்டு கையிலும் ஊன்றுகோல். இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். அதனால் போலியோ என்றாலே முடிந்துபோன கதை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் பாதிக்கப்பட்ட நாங்கள் இப்போதுதான் நடுவயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறோம். சின்ன வயதில் தப்பிப் பிழைத்த நரம்புகள் கிளைவிட்டு, செத்துப்போன நரம்புகளின் வேலையையும் சேர்த்துப் பார்த்தன. முப்பது, நாற்பது வருஷம் இரட்டைச் சுமை சுமந்த பிறகு அவை தளர்கின்றன. போஸ்ட் போலியோ சிண்ட்ரோம் என்கிறார் என் டாக்டர். உடம்பை வருத்தினால் பலம் வராது, இருப்பதும் போய்விடும் என்று எச்சரித்திருக்கிறார்.

இதை இவ்வளவு விளக்கக் காரணம், உங்கள் ஆட்கள் அன்றைக்குத் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி: "நடந்துதானே சார் வந்தீங்க, அப்புறம் எதுக்கு வீல்சேர்?"

நான் நூறு மீட்டர் நடப்பேன். பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியாது. நிற்பதுதான் எனக்கு நடப்பதைவிடக் கஷ்டம். நிற்கும்போது உடம்பின் பாரம் முழுக்க வலது முழங்காலிலும் இரண்டு உள்ளங்கையிலும் இறங்கிவிடும், மாற்றிக்கொள்ள வழியில்லை. வீல்சேரில் இருப்பவர் எழுந்து நாலடி நடந்தால் அவர் ஏமாற்றுகிறார் என்று அர்த்தமில்லை. மீதி நாளுக்காக அந்த நாலடியை எண்ணிச் செலவழிக்கிறார். இதை உங்கள் வாலன்டியர்களுக்கு யாராவது ஒருவர் பத்து நிமிஷம் சொல்லிக்கொடுத்திருந்தால் பாதிப் பிரச்சினை வந்திருக்காது.

நான் திடுதிப்பென்று வந்து நிற்கவில்லை. விழாவுக்குப் பதினாறு நாள் முன்னாலேயே உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஐந்து கேள்விகள். ஆட்டோ எதுவரை வரும், அங்கிருந்து வாசலுக்கு எத்தனை மீட்டர்? எங்கெல்லாம் படி இருக்கிறது? வரிசையில் உட்கார இடம் உண்டா? எங்களுக்கான கழிப்பறை எந்தப் பக்கம்? உடன் வரும் என் தம்பிக்கும் டிக்கெட் எடுக்க வேண்டுமா? மூன்றாம் நாள் பதில் வந்தது: "வளாகம் முழுவதும் வீல்சேர் வசதி உண்டு, முன்னுரிமை நுழைவு உண்டு, உடன் வருபவருக்கும் டிக்கெட் அவசியம்." முதல் நான்கு கேள்விகளுக்கும் அதில் நேரான பதில் இல்லை. இருந்தாலும் அந்த ஒரு வரியை நம்பித்தான் என் சொந்த வீல்சேரை ஊரிலேயே விட்டுவிட்டு இரவு ரயிலில் கிளம்பினேன்.

சனிக்கிழமை காலை 9.40-க்கு வந்து சேர்ந்தோம். ஆட்டோவை வெளி கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து அரங்க வாசலுக்கு என் தம்பியின் போன் காட்டிய தூரம் 600 மீட்டர். வீல்சேர் கேட்டோம். உள்ளே முதலுதவி அறையில் இருக்கிறது, போய் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் காவலர். தம்பி ஓடினான். இருந்தது மொத்தம் இரண்டு. ஒன்று ஏற்கெனவே போய்விட்டது, இன்னொன்றில் கால் வைக்கும் பலகை இல்லை. அதற்கும் ஆதார் அட்டையின் அசலை ஒப்படைக்கச் சொன்னார்கள். அவன் திரும்பி வருவதற்குள் நான் நான்கு இடத்தில் நின்று நின்று பாதித் தூரம் நடந்துவிட்டிருந்தேன்.

வீல்சேர் படம் ஒட்டியிருந்த வாசலில் இரண்டு படி. படிமேல் ஒரு பிளைவுட் பலகையைச் சாய்த்து வைத்திருந்தீர்கள். அதை அளந்தேன். உயரம் 30 சென்டிமீட்டர், பலகையின் நீளம் 120. மத்திய அரசின் அணுகல் வழிகாட்டி நெறிமுறை சொல்லும் சாய்வு ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது அந்த உயரத்துக்கு 3.6 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். உங்களுடையது ஒன்றுக்கு நான்கு. தம்பி பின்னாலிருந்து தள்ள, வழியில் போன இரண்டு பேர் முன்னாலிருந்து இழுக்க, ஏறினேன். கைப்பிடி எதுவும் இல்லை. பலகை நடுவில் வளைந்தபோது, வண்டியோடு பின்னால் சாய்ந்துவிடுவேன் என்று உண்மையிலேயே பயந்தேன்.

உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அவ்வளவு அழகாக இருந்தது. பி.டி. வகுப்பில் மற்ற பையன்கள் ஓடும்போது நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அண்ணன் கொடுத்த பழைய காமிக்ஸ் கட்டைப் படித்து வளர்ந்தவன். 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது 'இரும்புக்கை மாயாவி'. விபத்தில் ஒரு கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட மனிதன்தான் அதன் நாயகன். காலில் இரும்புக் கம்பியோடு பள்ளிக்கூடம் போன பையனுக்கு அந்தக் கதை என்னவாக இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்த மாயாவியாகத்தான் வேஷம் கட்டி வந்தேன். கையுறையை ஃபோம் ஷீட்டில் வெட்டி, ஒவ்வொரு விரல் கணுவிலும் தனித்தனியாக மடிப்பு வைத்து, வெள்ளி பெயின்ட் அடித்து முடிக்க என் தம்பி மகளுக்கும் எனக்கும் மூன்று வாரம் பிடித்தது. விரலை மடக்கினால் கணு கணுவாக மடங்கும். ஊன்றுகோலையும் பிடிக்க வேண்டும் என்பதால் உள்ளங்கையில் மட்டும் ஃபோமை எடுத்துவிட்டுத் துணி வைத்துத் தைத்தாள்.

காஸ்பிளே (கதாபாத்திரமாக வேஷம் கட்டி வருவது) மேடைக்கு மூன்று படி. சாய்தளம் இல்லை. நாலு வாலன்டியர்கள் ஓடிவந்து, "தூக்கி வெச்சிடறோம் சார்" என்றார்கள். நல்ல பிள்ளைகள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் என்னைத் தூக்கக்கூடாது. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் தோள்பட்டை விலகும் அபாயம் உண்டு, இந்தத் தோள்தான் எனக்குக் கால். அதோடு, முந்நூறு பேர் பார்க்க ஒரு மூட்டையைப் போல மேடையேற நான் விரும்பவில்லை. "அப்போ கீழேயே நில்லுங்க, கேமராமேனை அனுப்புறோம்" என்றார் ஒருங்கிணைப்பாளர். கேமரா வரவில்லை. பெயரும் கூப்பிடப்படவில்லை. ஊரில் தம்பி மகள் நேரலையை போனில் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

என் முக்கியமான புகார் இனிமேல்தான்.

பிற்பகல் ஓவியர் ஒருவரின் கையெழுத்துக்கு 600 ரூபாய் டோக்கன் எடுத்திருந்தேன். உங்கள் முதலுதவி அறை வீல்சேரை ஒரு மணி நேரத்தில் திருப்பி வாங்கிக்கொண்டது, வேறு யாரோ மயங்கி விழுந்துவிட்டார்களாம். அது நியாயம்தான். ஆனால் வரிசையில் ஒரு நாற்காலி கேட்டபோது, "சேர் போட்டா வரிசை கலைஞ்சிடும்" என்றார் பொறுப்பாளர். தம்பியை எனக்குப் பதில் நிற்கவிடக் கேட்டேன். டோக்கன் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் நிற்க வேண்டும் என்றார். முன்னுரிமை நுழைவு என்று எழுதியிருந்தீர்களே என்று மின்னஞ்சலைக் காட்டினேன். அது மெயின் கேட்டுக்கு மட்டும் என்று பதில் வந்தது.

முதுகில் பெரிய சிறகு கட்டியிருந்த ஒரு கல்லூரிப் பெண், தன் வேஷப் பொருள் வைத்திருந்த டிரங்குப் பெட்டியைத் தள்ளி, "உக்காருங்க அண்ணா, தாங்கும்" என்றாள். உட்கார்ந்து காலிப்பரின் பூட்டைத் தளர்த்தினேன். வரிசை நகர நகர அவளே பெட்டியைக் காலால் நகர்த்தினாள். கால் மணி நேரம் நிம்மதியாக இருந்தது. அப்புறம் பொறுப்பாளர் வந்து, வரிசைக்குள் பெட்டி வைக்கக்கூடாது, தீ பாதுகாப்பு விதி என்று எடுக்கவைத்தார். அதற்குமேல் 25 நிமிஷம் நின்றேன். தொடையில் பட்டை அழுத்திய இடத்தில் தோல் உரிந்துவிட்டது. எனக்கு முன்னால் 14 பேர் இருக்கும்போது வரிசையை விட்டு வெளியே வந்தேன். ஓவியரின் முகம் எனக்குத் தெரிகிற தூரம் அது.

யாரையும் முந்திப் போக நான் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர் எனக்குப் பின்னாலேயே இருக்கட்டும், முன்னால் வந்தவர் முன்னால் போகட்டும். நான் கேட்டது, என் முறை வரும்வரை உட்கார்ந்திருக்க ஓர் இடம். பேங்கில், ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கொடுத்து நாற்காலியில் உட்காரவைக்கிறார்கள், எந்த வரிசையும் கலைவதில்லை. உங்களிடம் டோக்கன் நம்பர் ஏற்கெனவே இருந்தது. பத்து நாற்காலிதான் இல்லை.

கழிப்பறை பற்றிச் சுருக்கமாக: பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த துப்புரவுப் பணியாளர் அக்கா திறந்தபோது உள்ளே பேனர் சுருள்களும் மாப் வாளிகளும். அத்தனையையும் ஒருத்தியாக வெளியே எடுத்துப் போட்டு, தரையைத் துடைத்து, "இப்ப போங்க தம்பி, வழுக்காது" என்று வாசலில் காவல் நின்றார். அன்றைக்கு உங்கள் வளாகத்தில் என் தேவையைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். இதை அவருடைய மேலதிகாரிக்குத் தெரிவியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை. லாட்ஜ் அறையில் காலை நீட்டிப் படுத்திருந்தேன்.

திங்களன்று போன் செய்தபோது, விற்ற டிக்கெட்டுக்குப் பணம் திரும்பத் தருவதில்லை என்று உங்கள் ஊழியர் சொன்னார். வசதி உண்டு என்று எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கிவிட்டு அதைத் தராமலிருப்பது சேவைக் குறைபாடு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இதற்கு மனுச் செய்யலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு தனியார் சேவை நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக்கூடாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வழக்குப் போடுவது என் விருப்பமில்லை. மறுபடி விழாவுக்கு வரத்தான் ஆசை.

செய்ய முடியாத காரியம் எதையும் கேட்கவில்லை. அமெரிக்காவின் சான் டியேகோ காமிக்-கானில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது, உதவிக்கு உடன் வருபவருக்குக் கட்டணமில்லா அனுமதி அட்டை தருகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், நான் வந்த ரயிலிலேயே துணையின்றிப் பயணம் செய்ய முடியாதவருக்கு உள்ள சலுகை உடன் வருபவருக்கும் உண்டு. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் வீல்சேர் போக மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது, சரிசெய்து மறுபடி திறந்தார்கள். கடற்கரை மணலிலேயே அது முடிந்திருக்கிறது.

எனவே, என் தம்பியின் டிக்கெட் 1,600, என்னுடைய ஞாயிற்றுக்கிழமைப் பங்கு 800, கையெழுத்து டோக்கன் 600, ஆக 3,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். ரயில், லாட்ஜ் செலவைக் கேட்கவில்லை. அடுத்த விழாவில் ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் நம்பரோடு நாற்காலிகள் போடுங்கள். மேடைக்கும் வாசலுக்கும் அளவான சாய்தளம் வையுங்கள். 45 சென்டிமீட்டர் மேடைக்கு 5.4 மீட்டர் நீளம் வேண்டும், இடம் ஒதுக்கும்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள். வெளி கேட்டிலிருந்து எத்தனை மீட்டர், எங்கெங்கே எத்தனை படி என்பதை டிக்கெட் விற்கும்போதே எழுதிப் போடுங்கள். ஒரு வசதி இல்லையென்றால் இல்லை என்றே போடுங்கள், அதற்குத் தகுந்தபடி என் வீல்சேரைக் கொண்டுவந்துவிடுவேன்.

உங்கள் மின்னஞ்சல் பதில், இரண்டு டிக்கெட்டுகள், டோக்கன், சாய்வுப் பலகையை டேப்போடு அளந்து எடுத்த புகைப்படம் ஆகியவற்றின் நகலை இதோடு அனுப்புகிறேன். 15 நாளுக்குள் எழுத்துமூலமாகப் பதில் தாருங்கள். இந்த முறை அந்த ஐந்து கேள்விகளுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் விழாவுக்கு வந்த வாடிக்கையாளர்