பிள்ளைக்கு வலிப்பு வந்தாலும் லீவு கிடையாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் ஆறு வருஷமாகச் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலையில் உள்ளே நுழையும்போதே செல்போனை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்துவிடுவார்கள். ராத்திரி கடை அடைக்கும்போதுதான் திரும்பக் கிடைக்கும்.

போன ஆடித் தள்ளுபடி சமயத்தில் என் நாலு வயது மகளுக்கு அங்கன்வாடியில் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. டீச்சர் பத்துத் தடவைக்கு மேல் எனக்குப் போன் அடித்திருக்கிறார். வீட்டுக்காரர் லாரியில் நாக்பூர் பக்கம் போயிருந்தார். கடைசியில் பக்கத்து வீட்டு அக்காதான் பிள்ளையை ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்ச் சேர்த்துவிட்டு, கடைக்கு ஆள் அனுப்பினார். அப்போது மணி மூன்று. பிரித்த சேலையை அப்படியே போட்டுவிட்டு சூப்பர்வைசரிடம் ஓடினேன். "இந்தக் கூட்டத்துல கவுன்டரை விட்டுட்டுப் போனா நாளைக்கு வர வேண்டாம்" என்றார். நான் போய்விட்டேன். மகள் அந்த அக்காவின் முந்தானையை இறுக்கிப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் ஊசி போட்ட இடத்தில் பிளாஸ்திரி. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

வேலை போகவில்லை. ஆனால் அந்த அரை நாளுக்கு இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள்.

அக்கா மகன் சொல்லித்தான் எனக்கே தெரியும்: 1947ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 25ஆவது பிரிவில், நியாயமான காரணம் இருந்தால் வருஷத்துக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு தற்செயல் விடுப்பு உண்டாம். நமக்கே உடம்பு முடியாமல் போனால் அதற்குத் தனியாக 12 நாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்திலிருந்தே இது பொருந்தும். எங்கள் கடையிலோ மூன்று நாள் முன்னாடியே எழுதிக் கொடுத்தால்தான் லீவு.

இதே சட்டத்தில் 2021இல் திருத்தம் கொண்டுவந்து எங்களுக்கு உட்கார இருக்கை வாங்கிக் கொடுத்தார்கள். அப்புறம்தான் எங்கள் பிரிவுக்கு நாலு ஸ்டூல் வந்தது. அதேபோல், குடும்பத்தில் ஒருவருக்கு ஆபத்து என்றால் வாய்ச்சொல்லே போதும், எழுத்து பிறகு கொடுக்கலாம் என்றும் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். வீட்டிலிருந்து அவசரம் என்று போன் வந்தால் உடனே எங்களிடம் சொல்ல கடையில் ஒரு நம்பர் வேண்டும். ஆய்வுக்கு வரும் தொழிலாளர் துறை அதிகாரிகள் ஆபீஸ் அறையோடு திரும்பிவிடாமல், விடுப்புப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு சேலைப் பிரிவுக்கு வந்து எங்களிடமும் கேட்க வேண்டும்.

வேலைக்குப் பயந்து பெயர் எழுதவில்லை. மன்னிக்கவும்.

- ஜவுளிக்கடை விற்பனைப் பணியாளர், மதுரை