பீட் சதுப்பில் வெட்டிய வடிகாலை அடைக்கக் கோரும் மனு

அனுப்புநர்: ஓடைப் பாசன விவசாயிகள், உதகை வட்டம்.
பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.
பொருள்: சதுப்பை மீட்டுத் தருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஓடையின் தலைப்பிலுள்ள சதுப்பின் நடுவே கேரட் பயிரிட வடிகால் வெட்டியிருக்கிறார்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன் அதை அடைத்துத் தருமாறு வேண்டுகிறோம்.

கிராமக் கணக்கில் தரிசு என்றிருக்கும் அந்த இடம் பீட் (peat) எனப்படும் தாவரப் படிவுப் படுகை. சரிவில் கசியும் நீர் பள்ளத்தில் தேங்கிக் காற்று புகாததால், கோரையும் புல்லும் முழுதாக மட்காமல் அடுக்கடுக்காகப் படிந்து உருவானது. ஒரு மீட்டர் கனம் சேர ஆயிரம் ஆண்டாவது ஆகும். உதகை அருகே சாண்டிநல்லா பள்ளத்தாக்குப் படுகையில் 40,000 ஆண்டுப் பழைமை வரை ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய வறட்சியில் இங்கே புல்வெளி ஓங்கியிருந்ததும் அந்த அடுக்குகளின் கரிம ஐசோடோப்புகளிலிருந்துதான் (கரிம அணுவின் எடை வேறுபட்ட வகைகள்) தெரிந்தது. மேலடுக்கைப் பிழிந்தால் பழுப்பு நீர் வடிந்து வேர்நார் கையில் மிஞ்சும். அடியடுக்கு கறுப்புக் களிம்பாக விரலிடுக்கில் நழுவும்.

நீர்மட்டம் இறங்கியதும் காற்று புகுந்து பீட் மட்குகிறது, நிலம் தாழ்கிறது. தாழ்ந்த இடத்தில் மறுபடி நீர் நிற்பதால் வடிகாலை மேலும் ஆழப்படுத்துகிறார்கள். நன்றாகக் காய்ந்த பீட் பிறகு மழையை எளிதில் உறிஞ்சாது. தீப்பிடித்தால் மண்ணுக்கடியிலேயே புகைந்து பரவும். அரித்து வரும் கறுப்பு வண்டல் எங்கள் தடுப்பணையைத் தூர்க்கிறது.

சிமென்ட் தடுப்பு வேண்டாம். இளகிய பீட்டில் அது அமிழும், அடியில் நீர் குடையும். மரப்பலகையும் ஈரமான பீட்டும் போதும். பக்கச் சுவர்களிலும் அடியிலும் 30 செ.மீ. ஆவது உள்ளே செருகி, மேலிருந்து கீழாக அடைத்து வர வேண்டும். இரு தடுப்புகளுக்கிடையே 30 செ.மீ.க்கு மேல் இறக்கம் கூடாது: 100 மீட்டரில் 3 மீட்டர் இறங்கும் வடிகாலுக்கு 10 தடுப்புகள். தடுப்பின் உச்சியைத் தரைமட்டத்துக்குச் சற்று மேலே உயர்த்தினால், வழியும் நீர் பழைய தடத்தில் பாயாமல் சதுப்பில் பரவும். ஜேசிபியை உள்ளே விடவே கூடாது.

சதுப்பின் ஓரத்திலுள்ள சீகை (வாட்டில்) எனும் அயல்நாட்டு மரங்களை வெட்டினால் மட்டும் தீராது. விதை மண்ணில் பல்லாண்டு உயிரோடிருக்கும் என்பதால், முளைக்கும் கன்றுகளை ஆண்டுதோறும் வேரோடு பிடுங்க நிதி ஒதுக்க வேண்டும்.

துளையிட்ட பிவிசி குழாய்களை நட்டு, மாதந்தோறும் நீர்மட்டத்தைக் குறிக்க நாங்கள் தயார். கோடையிலும் அது தரைக்குக் கீழே 20 செ.மீ.க்குள் நிற்க வேண்டும்.

2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளின்படி இந்தச் சதுப்பை அறிவிக்கை செய்யப் பரிந்துரைக்குமாறும், அதுவரை புதிதாக வடிகால் வெட்டத் தடை விதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓடைப் பாசன விவசாயிகள்

இணைப்பு: புல வரைபடம், வடிகாலின் புகைப்படங்கள்